விளம்பரத்தில் புத்தகம், புத்தகத்தில் விளம்பரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவலில் வந்த பெயர் கடைப் பலகையில் ஏறுகிறது. கவிதை வரி பனியனில் அச்சாகிறது. தொலைக்காட்சித் தொடரில் யாரோ கையில் பிடித்திருந்த புத்தகம் மறுவாரமே விற்றுத் தீர்கிறது. இதையெல்லாம் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதில்களில் என் சாய்வு தெரியும். அதை மறைக்க முயலவில்லை.

விளம்பரக்காரர்களுக்குப் புத்தகத்தின் மேல் அப்படி என்ன ஆசை?

நேரப் பற்றாக்குறைதான் முதல் காரணம். முப்பது விநாடிக்குள் ஒரு கதையைத் தொடங்கி, ஆளை அறிமுகம் செய்து, பொருளையும் விற்றாக வேண்டும். எல்லோர் மனத்திலும் ஏற்கெனவே குடியிருக்கும் கதையை எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். இரண்டாவது காரணம் மரியாதை. டயருக்கும் சோப்புக்கும் சொந்தமாகக் கௌரவம் ஏதும் கிடையாது. பக்கத்தில் ஒரு கவிஞரை நிறுத்தினால் அவருடையதில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு காரணங்களும் ஒரே இடத்தில் கூடிய சுவரொட்டி ஒன்று உண்டு. 1898-இல் மிஷ்லின் டயர் நிறுவனத்துக்காக ஓகலோப் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்தது. டயர்களை அடுக்கிச் செய்த பருத்த மனிதன் ஒருவன் விருந்து மேசையின் நடுவே எழுந்து நின்று கிண்ணத்தை உயர்த்துகிறான். கிண்ணத்தில் இருப்பது மது அல்ல. ஆணிகளும் உடைந்த கண்ணாடித் துண்டுகளும். இரு பக்கமும் அமர்ந்திருக்கும் போட்டி டயர் மனிதர்கள் காற்று இறங்கித் தொய்ந்துபோயிருக்கிறார்கள். மேலே லத்தீனில் ‘நுங்க் எஸ்ட் பிபெண்டும்’, அதாவது ‘இது குடிக்கும் வேளை’ என்று எழுதியிருக்கிறது. கிளியோபாத்ராவின் வீழ்ச்சியைக் கொண்டாடி ரோமானியக் கவி ஹொரேஸ் எழுதிய பாடலின் தொடக்கம் அது. சாலையில் கிடக்கும் தடைகளை எங்கள் டயர் குடித்துவிடும் என்பது விளம்பரத்தின் செய்தி. அந்த வரியின் கடைசிச் சொல்லே அந்த உருவத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது. ஹொரேஸைப் படித்தவர் கூடுதலாக ஒருமுறை சிரிப்பார். படிக்காதவருக்குப் படமே போதும். இந்தத் துறையில் இதைவிடச் சாமர்த்தியமான வேலை அதிகம் இல்லை என்பது என் கருத்து.

ஆப்பிள் நிறுவனத்தின் ‘1984’ விளம்பரத்தை ஏன் எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள்?

1984 ஜனவரி 22 அன்று அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் நடுவே ஒளிபரப்பான ஒரு நிமிட விளம்பரம் அது. இயக்கியவர் ரிட்லி ஸ்காட். மொட்டையடித்த மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து, பெரிய திரையில் முழங்கும் ஒரு முகத்தை வெறித்துக்கொண்டிருக்கிறார்கள். சிவப்புக் கால்சட்டை அணிந்த பெண் ஒருத்தி சம்மட்டியோடு ஓடிவந்து அதைத் திரையின் மீது வீசுகிறாள். ஜனவரி 24 அன்று மெக்கின்டாஷ் கணினி வெளிவருகிறது, 1984 ஏன் ‘1984’ போல இருக்காது என்று அன்றைக்குத் தெரியும் என்ற வாசகத்தோடு விளம்பரம் முடிகிறது. கணினி கடைசிவரை கண்ணில் படவே இல்லை.

ஜார்ஜ் ஆர்வெலின் நாவல் 1949-இல் வந்தது. அதில் சம்மட்டி வீசுபவர் யாரும் கிடையாது. எதிர்க்க நினைத்த நாயகன் வின்ஸ்டன் பிடிபட்டு, வதைபட்டு, கடைசியில் எல்லோரையும் கண்காணிக்கும் ஆட்சித் தலைவனான ‘பிக் பிரதர்’ என்ற பெரிய அண்ணனை மனமார நேசிக்கும் நிலைக்கு வந்துசேர்கிறான். தப்பிக்க வழியில்லை என்பதுதான் நாவலின் திகில். அந்த ஒன்றை மட்டும் கழித்துவிட்டு மற்றதையெல்லாம் விளம்பரம் எடுத்துக்கொண்டது. கழிக்காமல் இருந்திருந்தால் எதையும் விற்றிருக்க முடியாது. புத்தகம் விளம்பரத்துக்குள் வரும்போது பொதுவாக என்ன நடக்கிறது என்பதற்கு இது பாடநூல் போன்ற எடுத்துக்காட்டு: சூழல் வரும், சாயல் வரும், முடிவு மட்டும் வராது.

அதே நாவலுக்கு 1999-இல் இன்னொன்று நேர்ந்தது. நெதர்லாந்தில் ‘பிக் பிரதர்’ என்ற பெயரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கி, பிறகு பல மொழிகளுக்கும் பரவியது. ஆர்வெலின் மனிதர்கள் கண்காணிப்புக்கு அஞ்சிச் சுவரோரம் ஒடுங்கினார்கள். இங்கே கண்காணிக்கப்படுவதற்காக மனிதர்கள் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறார்கள்.

நிறுவனங்களுக்கு நாவலிலிருந்து பெயர் வைப்பவர்கள் அந்த நாவலைப் படித்திருப்பார்களா?

சிலர் படித்திருக்கிறார்கள். படித்தும் பயனில்லை என்பது வேறு விஷயம்.

ஸ்டார்பக்ஸ் என்ற பெயர் ஹெர்மன் மெல்வில் 1851-இல் எழுதிய ‘மோபி டிக்’ நாவலில் வரும் திமிங்கில வேட்டைக் கப்பலின் முதல் துணைத் தலைவன் ஸ்டார்பக்கின் பெயர். 1971-இல் கடையைத் தொடங்கியவர்கள் ‘ஸ்ட்’ என்ற ஒலியில் தொடங்கும் பெயராகத் தேடிக்கொண்டிருந்தார்கள், அப்போது இது அகப்பட்டது. நாவலில் ஸ்டார்பக் நிதானமானவன். வெள்ளைத் திமிங்கிலத்தைப் பழிவாங்கத் துடிக்கும் தலைவன் ஏகாப்பை எதிர்த்துப் பேசும் துணிச்சல் கப்பலில் அவனுக்குத்தான் இருக்கிறது. ஒரு கட்டத்தில் ஏகாப் அறைக்குள் உறங்குகிறான். வெளியே துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டார்பக் நிற்கிறான். சுட்டால் முப்பது பேர் பிழைப்பார்கள். சுடாமல் துப்பாக்கியை மாட்டிவிட்டுப் போகிறான். பிறகு எல்லோரோடும் சேர்ந்து மூழ்குகிறான். நாவலின் மிக நுட்பமான பகுதிகளில் ஒன்று அது. கடைப் பலகையில் அதன் நிழல்கூட இல்லை.

யாஹூ இன்னும் வேடிக்கை. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1726-இல் வெளியிட்ட ‘கலிவரின் பயணங்கள்’ நூலின் நான்காம் பாகத்தில் யாஹூக்கள் வருகிறார்கள். மனித உருவம், ஆனால் அழுக்கும் பேராசையும் பிடித்த பிராணிகள். மண்ணைத் தோண்டிப் பளபளக்கும் கற்களை எடுத்து, அவற்றுக்காக ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். 1994-இல் இரண்டு மாணவர்கள் தங்கள் இணையப் பட்டியலுக்கு இந்தப் பெயரைத் தெரிந்தேதான் வைத்தார்கள். நாகரிகமற்றவன் என்ற பொருள் அவர்களுக்குப் பிடித்திருந்தது. தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் குணம் உள்ள நிறுவனப் பெயர்கள் மிகக் குறைவு. பின்னாளில் அந்த நிறுவனத்தைப் பங்குச்சந்தை படுத்திய பாட்டை ஸ்விஃப்ட் பார்த்திருந்தால் ஐந்தாம் பாகமும் எழுதியிருப்பார்.

பொருத்தமாக வைத்த பெயரும் உண்டு. எட்கர் ஆலன் போ இறந்து அடக்கமான ஊர் பால்டிமோர். 1996-இல் அந்த ஊருக்கு ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி வந்தபோது, மக்கள் வாக்கெடுப்பில் வென்ற பெயர் ‘ரேவன்ஸ்’. போவின் ‘அண்டங்காக்கை’ கவிதையை நினைத்து வைத்தது. அணிக்கு ஒரு காலத்தில் சின்னப் பறவைகள் மூன்று இருந்தன. அவற்றின் பெயர்கள் எட்கர், ஆலன், போ.

மேற்கோள்கள் ஏன் எப்போதும் தவறான பொருளிலேயே பரவுகின்றன?

‘எப்போதும்’ என்பது கொஞ்சம் கடுமை. ஆனால் வரியைப் பிடுங்கி எடுக்கும்போது முதலில் தொலைவது அதைச் சொன்னவர் யார் என்பது. ஒரு பாத்திரம் பொய்யாகச் சொன்னதை எழுத்தாளரின் வாக்குமூலமாக அச்சடித்துவிடுகிறார்கள்.

இதற்கு ஜேன் ஆஸ்டினை விடச் சிறந்த சாட்சி இல்லை. அவர் இறந்து 200 ஆண்டு ஆனதையொட்டி 2017-இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து அவர் படத்தோடு பத்து பவுண்டு நோட்டு வெளியிட்டது. படத்தின் கீழே, வாசிப்பைப் போல இன்பம் வேறு இல்லை என்று பொருள்படும் ஒரு வரி. கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலின் பதினொன்றாம் அத்தியாயத்தைத் திறந்தால் அந்த வரியைச் சொல்பவள் கேரலைன் பிங்லி. மாலை நேரம், எல்லோரும் கூடத்தில் இருக்கிறார்கள், டார்சி ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறான். அவன் கவனத்தைத் தன் பக்கம் திருப்ப வேண்டும் என்பதற்காக அவளும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்கிறாள். அதைத் தேர்ந்தெடுத்த ஒரே காரணம், அவன் படிக்கும் நூலின் இரண்டாம் பாகம் அது என்பதுதான். அவள் கவனம் முழுவதும் அவன் எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்பதில் இருக்கிறது. சலிப்புத் தாங்காமல் பெரிய கொட்டாவி ஒன்றை விட்டுவிட்டு, வாசிப்பைப் போல இன்பம் வேறு உண்டா என்கிறாள். ஒருவரும் பதில் சொல்வதில்லை. இன்னொரு கொட்டாவி விட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போடுகிறாள்.

ஆஸ்டின் இதை வாசகர் சிரிப்பதற்காக எழுதினார். வாசிக்காமல் வாசிப்பைப் புகழ்பவர்களைப் பற்றிய நகைச்சுவையை, வாசிப்பின் புகழ்ச்சியாக வங்கி நோட்டில் அச்சடித்ததில் அந்த நகைச்சுவைக்கு இன்னொரு சுற்று கிடைத்தது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிச்சின் வரிக்கும் இதே கதி. நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் பெண்கள் வரலாற்றில் இடம்பெறுவது அரிது என்று 1976-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதினார். ஊர் பேச்சுக்கு ஆளாகாமல், இறை நம்பிக்கையோடு அமைதியாக வாழ்ந்து மறைந்த பெண்களை வரலாறு எழுதுபவர்கள் மறந்துவிட்டார்களே என்ற ஆதங்கம் அது. இன்று அந்த வரி கோப்பைகளிலும் பனியன்களிலும் ‘அடங்காதே’ என்ற அறைகூவலாக நிற்கிறது. உல்ரிச் இதைப் பெருந்தன்மையோடு எடுத்துக்கொண்டார். அதே வரியைத் தலைப்பாக வைத்து 2007-இல் ஒரு நூலே எழுதினார்.

ராபர்ட் ஃபிராஸ்ட் 1915-இல் வெளியிட்ட, காட்டில் பிரியும் இரண்டு பாதைகள் பற்றிய கவிதையும் அப்படித்தான். ‘கூட்டம் போகாத வழியில் போ’ என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் முதல் கார் விற்பவர்கள் வரை அதை முழங்குகிறார்கள். கவிதையின் நடுவில் இரண்டு பாதைகளும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேய்ந்திருந்தன என்று அவரே சொல்கிறார். பல காலம் கழித்து ஒரு பெருமூச்சோடு இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன் என்றும் சொல்கிறார். மனிதன் தன் முடிவுகளுக்குப் பின்னால் காரணம் கற்பித்துக்கொள்வதைப் பற்றிய குறும்பு அது.

நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற கணியன் பூங்குன்றனாரின் அடியை மேடைகளிலும் பதாகைகளிலும் காணாதவர் இல்லை. புறநானூறு 192-ஆம் பாட்டு அந்த அடியோடு நின்றுவிடவில்லை. நன்மையும் தீமையும் பிறர் தந்து வருவதில்லை, சாவு புதிது அல்ல, வாழ்வு இனிது என்று மகிழ்வதும் இல்லை, நீரின் போக்கில் போகும் தெப்பம் போல உயிர் முறைவழி போகிறது என்று நடந்து, ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று முடிகிறது. முதல் அடியை எந்த விழாவுக்கும் தலைப்பாக வைக்கலாம். கடைசி இரண்டு அடிகளை வைத்தால் மேடையில் பொன்னாடை போர்த்துவதற்கே இடமிருக்காது.

தவறாகப் புரிந்துகொண்டது கவிதைக்கு நல்லதாக முடிந்ததுண்டா?

உண்டு. டபிள்யூ. எச். ஆடனின் ‘ஃபியூனரல் புளூஸ்’ அப்படி. கடிகாரங்களை நிறுத்துங்கள் என்று தொடங்கும் அந்த இரங்கற்பாவின் முதல் வடிவம் 1936-இல் ஒரு நாடகத்துக்காக எழுதப்பட்டது. அங்கே அது செத்துப்போன ஓர் அரசியல்வாதியைக் கேலி செய்யும் போலி ஒப்பாரி. ஆடன் பிறகு அதைத் திருத்தி எழுதினார். 1994-இல் ‘ஃபோர் வெட்டிங்ஸ் அண்ட் எ ஃபியூனரல்’ திரைப்படத்தில் ஒருவர் தன் துணையின் சவப்பெட்டிக்கு அருகே நின்று இதைச் சொன்னபோது, கேலியின் தடயமே மீதமில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பதிப்பகம் ஆடனின் சில கவிதைகளைச் சிறு நூலாக வெளியிட்டது. கவிதைப் பக்கமே போகாதவர்களும் அதை வாங்கினார்கள். இன்றைக்கும் இறுதிச் சடங்குகளில் அது வாசிக்கப்படுகிறது. இங்கே நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பொருளை விற்கக் கவிதையை வாசிப்பது கவிஞருக்கு அவமரியாதை இல்லையா?

கவிஞரைப் பொறுத்தது. 2009-இல் லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரம் ஒன்றில் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனுடையது என்று கருதப்படும் பழைய மெழுகு உருளைக் குரல் பதிவையே ஒலிக்கவிட்டார்கள். 2014-இல் ஆப்பிள் தன் ஐபேடுக்காக விட்மனின் இன்னொரு கவிதையைப் பயன்படுத்தியது. ‘டெட் போயட்ஸ் சொசைட்டி’ படத்தில் ராபின் வில்லியம்ஸ் மாணவர்களிடம் பேசும் பேச்சு அப்படியே அதில் வருகிறது: மருத்துவம், சட்டம், வணிகம், பொறியியல் எல்லாம் பிழைப்புக்குத் தேவை, ஆனால் நாம் உயிரோடிருப்பது கவிதைக்காகவும் அழகுக்காகவும் காதலுக்காகவும்தான் என்று. வணிகத்தைக் கவிதைக்குக் கீழே வைக்கும் பேச்சை வணிகத்துக்கே கூலிக்கு அமர்த்திவிட்டார்கள்.

விட்மன் உயிரோடிருந்தால் கோபப்பட்டிருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை. 1855-இல் தன் ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ வெளிவந்ததும், பெயர் போடாமல் தானே அதைப் புகழ்ந்து மதிப்புரைகள் எழுதிப் பத்திரிகைகளில் வரவைத்தவர் அவர். அன்று புகழ்பெற்றிருந்த எழுத்தாளர் எமர்சன் அவருக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினார். அதிலிருந்து ‘மகத்தான ஒரு வாழ்வின் தொடக்கத்தில் உங்களை வாழ்த்துகிறேன்’ என்ற வரியை எடுத்து, அனுமதி கேட்காமல், அடுத்த ஆண்டுப் பதிப்பின் முதுகில் பொன்னெழுத்தில் பொறித்துவிட்டார். இன்று ஒவ்வொரு நாவலின் பின்னட்டையிலும் நிரம்பி வழியும் பாராட்டு வரிகளுக்கு மூதாதை அதுதான்.

இதெல்லாம் தொலைக்காட்சி வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம்தானே?

இல்லை. 1774-இல் கதேயின் ‘வெர்த்தர்’ நாவல் வந்தபோது இளைஞர்கள் நாயகனைப் போல நீலக் கோட்டும் மஞ்சள் உள்சட்டையும் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். பீங்கான் கோப்பைகளில் வெர்த்தர் காட்சிகள் வந்தன, வெர்த்தர் பெயரில் வாசனைத் திரவியமும் வந்தது. லைப்சிக் நகரம் நாவலோடு அந்த உடையையும் தடைசெய்தது.

டிக்கன்ஸ் காலத்தில் நாவல்கள் மாதம் ஒரு பகுதியாக வந்தன. கதைக்கு முன்னும் பின்னும் விளம்பரப் பக்கங்கள். 1852-இல் ‘பிளீக் ஹவுஸ்’ வரத் தொடங்கியதும் ஒரு துணிக்கடை தன் விளம்பரத்துக்கு ‘ஆன்ட்டி பிளீக் ஹவுஸ்’, அதாவது ‘பிளீக் ஹவுஸுக்கு எதிர்’ என்றே தலைப்பு வைத்தது. குளிர்காற்று வீசும் வீட்டிலும் எங்கள் கோட்டு இருந்தால் கவலையில்லை என்பது சாரம். வாசகர் கதையைப் படித்து முடித்த சூட்டில் பக்கத்தைத் திருப்பினால் அது கண்ணில் படும். இன்றைய எந்த விளம்பர நிறுவனமும் பொறாமைப்படக்கூடிய வேகம்.

புத்தகத்துக்குள்ளேயே விளம்பரம் வைக்க முடியுமா?

முடியும், செய்தும் இருக்கிறார்கள். 1970களில் அமெரிக்க மலிவுப் பதிப்புகளின் நடுவில் தடித்த அட்டையில் சிகரெட் விளம்பரம் சேர்த்துக் கட்டப்பட்டது. கிழித்தெடுத்தால் புத்தகத்தின் முதுகும் சேர்ந்து போகும்.

அதைவிட மோசம் டெர்ரி பிராட்செட்டுக்கு நேர்ந்தது. அவர் நாவல்களின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில், கதை ஓடிக்கொண்டிருக்கும் இடத்திலேயே ஒரு சூப் விளம்பரத்தைப் பதிப்பகம் நுழைத்தது. இனிமேல் இப்படிச் செய்யமாட்டோம் என்று உறுதி தராததால் அவர் பதிப்பகத்தை மாற்றிக்கொண்டார்.

எழுத்தாளரே சம்மதித்த கதையும் இருக்கிறது. 2001-இல் ஃபே வெல்டன் நகை நிறுவனம் ஒன்றிடம் பணம் வாங்கிக்கொண்டு நாவல் எழுதினார். ஒப்பந்தப்படி நிறுவனத்தின் பெயர் குறைந்தது 12 இடங்களில் வர வேண்டும். தலைப்பிலேயே வந்துவிட்டது: ‘தி பல்கேரி கனெக்‌ஷன்’. இலக்கிய உலகம் கொதித்தது. வெல்டன் எழுத்துக்கு வருமுன் விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர், அவருக்கு அந்தக் கொதிப்பு புதிதாக இருந்திருக்காது.

விளம்பரத்திலிருந்து இலக்கியம் பிறந்ததுண்டா?

சிவப்பு மூக்குக் கலைமான் ருடால்ஃப் அப்படிப் பிறந்ததுதான். 1939-இல் மான்ட்கமரி வார்டு என்ற சிகாகோ பல்பொருள் நிறுவனம், கிறிஸ்துமசுக்கு வரும் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு கதைப் புத்தகம் கேட்டது. நிறுவனத்தின் விளம்பர வாசகங்களை எழுதும் ராபர்ட் மே என்பவர் எழுதிக் கொடுத்தார். முதல் ஆண்டிலேயே 24 லட்சம் பிரதிகள் கொடுக்கப்பட்டன. பிற்பாடு நிறுவனம் உரிமையை அவருக்கே விட்டுக்கொடுத்தது. இன்று அதை நாட்டுப்புறக் கதை என்றே நினைப்பவர்கள் பலர்.

கின்னஸ் சாதனைப் புத்தகமும் அந்த மதுபான நிறுவனத்தின் விளம்பர யோசனைதான். ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கும், வேட்டையாடப்படும் பறவை எது என்று வேட்டைக்குப் போன இடத்தில் எழுந்த வாக்குவாதம் விதை. மதுக்கூடங்களில் இப்படிப்பட்ட வாக்குவாதங்களைத் தீர்த்துவைக்க ஒரு நூல் இருக்கட்டும் என்று 1955-இல் வெளியிட்டார்கள்.

பெரிய எழுத்தாளர்கள் விளம்பரத் துறையில் இருந்திருக்கிறார்களா?

நிறையப் பேர். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு 1919-இல் டிராம் வண்டிகளில் ஒட்டும் விளம்பரங்களை எழுதினார். மஸ்கட்டீன் என்ற ஊரின் சலவை நிலையத்துக்காக எதுகையோடு அவர் எழுதிய ‘மஸ்கட்டீனில் உங்களைச் சுத்தமாக வைத்திருக்கிறோம்’ என்ற வாசகம் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அடுத்த ஆண்டு முதல் நாவல் வந்து அவரைக் காப்பாற்றியது. டொரதி எல். சேயர்ஸ் 1920களில் லண்டன் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார், 1933-இல் அதே போன்ற அலுவலகத்தில் ஒரு கொலையை வைத்துத் துப்பறியும் நாவல் எழுதினார். சல்மான் ருஷ்டி ‘மிட்நைட்ஸ் சில்ட்ரன்’ எழுதிய காலத்தில் விளம்பர வாசகம் எழுதித்தான் சாப்பிட்டார்.

முகத்தைக் கொடுத்தவர்களும் உண்டு. ஹெமிங்வே ஒரு பீர் விளம்பரத்துக்கு நின்றார். 2015-இல் செலீன் என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனம் தன் விளம்பரத்துக்கு 80 வயது ஜோன் டிடியனைக் கறுப்புக் கண்ணாடியோடு உட்காரவைத்தது. இருபது வயது அழகிகளுக்கு நடுவே ஒரு கட்டுரையாளர்! அந்தப் படத்தில் என்னைக் கவர்ந்தது, அவர் எதையும் விற்க முயலவில்லை என்பது.

ஷெர்லக் ஹோம்ஸ் என்றால் தொப்பியும் வளைந்த புகைக்குழாயும்தானே நினைவுக்கு வருகின்றன?

இரண்டுமே கோனன் டாயில் கொடுத்தவை அல்ல என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் மடல் வைத்த தொப்பியை நிலைநாட்டியவர் ஓவியர் சிட்னி பேஜெட். வளைந்த குழாய் மேடையில் ஹோம்ஸாக நடித்த வில்லியம் ஜில்லெட்டின் கைங்கரியம். ‘எலிமென்டரி, மை டியர் வாட்சன்’ என்ற வாசகம் மூலக்கதைகள் அறுபதில் ஒன்றில்கூட அப்படியே வரவில்லை. மேரி ஷெல்லி 1818-இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் படைத்த பிராணிக்குத் தட்டையான தலையைக் கொடுத்தது 1931-இல் வந்த திரைப்படம். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அதைச் செய்தவனின் பெயர் என்பதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நான் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

படிக்காத புத்தகங்களை அலமாரியில் அழகுக்கு வைப்பதைப் பற்றி?

பழைய குற்றம், எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. டிக்கன்ஸே தன் படிப்பறைக் கதவில் பொய்ப் புத்தக முதுகுகளை வரிசையாக ஒட்டிவைத்திருந்தார். தலைப்புகள் அவரே இட்டவை: நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைக் குத்தும் ‘நிம்மதியான உறக்கத்துக்கு வழிகாட்டி’, ஒன்பது பாகங்களில் ‘பூனையின் உயிர்கள்’, 21 பாகங்களில் ‘ஒரு சுருக்கமான வழக்கின் வரலாறு’.

2020-இல் உலகமே வீட்டுக்குள் அடங்கிக் காணொளியில் பேசியபோது, பேசுபவரை விட்டுவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள அலமாரியை ஆராய்வது ஒரு பொழுதுபோக்காகவே ஆனது. அதிலும் ஒரு நியாயம் இருந்தது. பேச்சைவிட அலமாரி சில நேரம் சுவாரசியமாக இருந்தது.

ஆனால் ஒருவர் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் ‘படத்துக்காகத்தான்’ என்று முடிவுகட்டுவதிலும் அகந்தை இருக்கிறது. 1955-இல் மர்லின் மன்றோ ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ நூலைப் படிக்கும் படத்தை ஈவ் ஆர்னால்டு எடுத்தார். பார்த்தவர்கள் எல்லாம் நாடகம் என்றார்கள். மன்றோ அந்தப் புத்தகத்தைக் கூடவே வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகப் படித்து வந்தார் என்று ஆர்னால்டு பிறகு சொன்னார். படத்தில் புத்தகம் கடைசிப் பக்கங்களில் திறந்திருக்கிறது.

திரையில் காட்டினால் புத்தகம் உண்மையிலேயே விற்குமா?

விற்கும். 2005-இல் ‘லாஸ்ட்’ தொடரில் ஃபிளான் ஓ’பிரையனின் ‘தி தேர்டு போலீஸ்மன்’ சில கணங்கள் தலைகாட்டியதும், அதை வெளியிட்டுவந்த சிறு பதிப்பகம் பெரிய விற்பனையைக் கண்டது. ‘மேட் மென்’ 2008-இல் ஃபிராங்க் ஓ’ஹாராவின் 1957 கவிதைத் தொகுப்புக்கு அதையே செய்தது. விளம்பர நிறுவனத்தைப் பற்றிய தொடர் ஒன்று கவிதைக்கு விளம்பரமானது. ஓப்ரா வின்ஃபிரே 1996-இல் தொடங்கிய புத்தகக் குழு பல ஆண்டுகள் அமெரிக்க விற்பனைப் பட்டியலை ஆட்டிவைத்தது. இப்போது அந்த வேலையைக் குறுங்காணொளிகள் செய்கின்றன. 2011-இல் வந்த மேடலின் மில்லரின் ‘தி சாங் ஆஃப் அகிலீஸ்’ பத்து ஆண்டு கழித்து, இளைஞர்கள் அழுதுகொண்டே காணொளி போட்டதால் மறுபடி பட்டியல் ஏறியது. விமர்சகர்களின் மதிப்புரையால் அது நடக்கவில்லை என்பதை விமர்சகர்கள் மெதுவாக ஏற்றுக்கொண்டு வருகிறார்கள்.

வாங்கியவர்கள் எல்லோரும் படித்து முடித்தார்களா என்று கேட்காதீர்கள். அது எந்தக் காலத்து வாங்குதலுக்கும் பொருந்தும் கேள்வி.

உங்களுக்குப் பிடித்த பயன்பாடு எது?

1986 முதல் லண்டன் சுரங்க ரயில் பெட்டிகளில் விளம்பரம் ஒட்டும் இடங்களில் கவிதைகளை ஒட்டி வருகிறார்கள். ‘யாயும் ஞாயும் யாராகியரோ’ என்ற குறுந்தொகை நாற்பதாம் பாட்டு ஏ. கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அங்கே இடம்பெற்றிருக்கிறது. பக்கத்தில் காப்பீட்டு விளம்பரமோ பல் மருத்துவ விளம்பரமோ இருந்திருக்கும். வழக்கமாக விளம்பரம் கவிதையின் இடத்துக்குள் புகும். இங்கே கவிதை விளம்பரத்தின் இடத்துக்குள் புகுந்து எதையும் விற்காமல் நிற்கிறது. மேலும், அது முழுப் பாட்டு. ஐந்தே அடி என்பதால் யாராலும் தலையை வெட்டி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒரு நூலின் வரியையோ பாத்திரத்தையோ விளம்பரத்தில் பயன்படுத்த அனுமதி வேண்டுமா?

காப்புரிமைக் காலம் முடியவில்லை என்றால் வேண்டும். அந்தக் காலம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதுதான் சிக்கல். ஆர்வெல் 1950-இல் இறந்தார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு என்ற கணக்கு உள்ள இந்தியாவில் ‘1984’ 2011-இலேயே பொதுவுடைமையாகிவிட்டது. 70 ஆண்டுக் கணக்கு உள்ள பிரிட்டனில் 2021-இல். அமெரிக்காவில் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்பதால் 2045 வரை காத்திருக்க வேண்டும். உலகம் முழுவதும் ஓடும் விளம்பரமாக இருந்தால் மிக நீண்ட கணக்கையே பார்க்க வேண்டியிருக்கும். விதிவிலக்கும் உண்டு: ‘பீட்டர் பேன்’ உரிமையை ஜே. எம். பேரி 1929-இல் லண்டன் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்குக் கொடுத்தார். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டனில் அதற்குக் காலவரம்பற்ற உரிமைத்தொகையை உறுதிசெய்தது.

பொதுவுடைமையான பிறகும் எல்லாம் கைக்கு வந்துவிடாது. வின்னி த பூ கரடியின் 1926 நூல் 2022-இல் அமெரிக்காவில் பொதுவுடைமையானது. மறு ஆண்டே அந்தக் கரடியைக் கொலைகாரனாக்கி ஒரு திகில் படம் வந்துவிட்டது. ஆனால் டிஸ்னி திரைப்படங்கள் வழியாக உலகம் அறிந்த அந்தக் கரடியின் வடிவம் டிஸ்னியின் சொத்தாகவே தொடர்கிறது. ஆகவே எதையாவது எடுத்தாளப் போகிறீர்கள் என்றால், திரைப்படத்தை மூடிவைத்துவிட்டு மூல நூலைத் திறந்து, உங்களுக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர்களும் முதலில் கேட்பது அதைத்தான்.